நான்கு கோடிக்குள் ஓர் அணி

கேள்வி: வீடியோ கேமில் ஹாக்கி அணியின் பொது மேலாளராக வீற்றிருந்து, வீரர்களை வாங்குவதும் விற்பதுமாகவே என் மகன் காலம் கழிக்கிறானே, இதனால் பிரயோஜனம் உண்டா?
- ஒரு வாசகர், தென்னூர்

பதில்: உண்டு. 2024 அக்டோபரில் டில்லியில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில், நான்கு கோடி ரூபாய் வரம்புக்குள் 24 பேரைத் திரட்ட வேண்டிய நிர்ப்பந்தத்திலும், நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சமும் அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சமுமாகக் கால் பங்குக்கு மேல் இருவருக்கே ஈந்துவிட்டு, மிச்சத்தில் மற்றவர்களைத் தேடிய தமிழ்நாடு டிராகன்ஸ் அணியாரின் சாமர்த்தியம், தங்கள் புதல்வன் அப்யாசிக்கும் அதே வித்தைதான். சந்தேகமிருப்பின், மாதச் சம்பளத்தை அவனிடம் கொடுத்துக் காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். செலவைக் குறைக்கும் உத்தேசத்துடன் தங்களையே வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டால், அடியேன் பொறுப்பல்ல.