பெங்களூருக்கு ஒரு மணி நேரம்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஆகாய வழியில் சுமார் 290 கிலோமீட்டர். டிக்கெட்டில் போட்டிருப்பது ஒரு மணி நேரமும் சொச்சமும், அதில் வானத்தில் இருப்பது முக்கால் மணிதான். ரயில் பாதையில் சுமார் 360 கிலோமீட்டர். 1964 அக்டோபர் 1-ஆம் தேதி ஓடத் தொடங்கிய பிருந்தாவன் எக்ஸ்பிரஸ், ஐந்து மணி நேரத்தில் அந்தத் தூரத்தைக் கடந்தது எங்கள் அப்பா தலைமுறைக்குப் பெரிய அதிசயம்.

அம்பத்தூர்க்காரர்களுக்கு அந்தப் பயணத்தில் ஒரு தனி வேடிக்கை உண்டு, ஆவடிக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள். மேற்கே இருக்கிற ஊருக்குப் போக, இருட்டோடு எழுந்து, யூனிட் வண்டி பிடித்து, கிழக்கே சென்ட்ரலுக்குப் போவோம். அங்கே பிருந்தாவனில் ஏறி உட்கார்ந்து, வில்லிவாக்கம், கொரட்டூர் எல்லாம் தாண்டி, காலையில் புறப்பட்ட அதே அம்பத்தூர் ஸ்டேஷனைச் சில நொடிகளில் கடப்போம். அந்தச் சில நொடிக்காகவே நான் ஜன்னல் கம்பியில் கன்னத்தைப் பதித்துக் காத்திருப்பேன். புழுதிக்குப் பயந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளும் பெண்கள், டிபன் கேரியரோடு தொழிற்பேட்டை ஷிப்டுக்கு வந்து இறங்கியவர்கள், நமக்குத் தெரிந்த யாராவது நம்மைப் பார்த்துவிட மாட்டார்களா என்ற தவிப்பு! நீங்களும் கை காட்டியிருப்பீர்கள்.

காட்பாடி வரும் முன்பே இட்லிப் பொட்டலம் பிரிந்துவிடும். வாழையிலையில் ஊறிய மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் பெட்டி முழுக்க மணக்கும். ஜோலார்பேட்டை தாண்டி, குப்பம் பக்கமாக வண்டி மேடேறத் தொடங்கியதும் காற்றின் சூடு தணியும். அம்மா ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரை உடம்பு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டது.

இப்போது பேரன், "ஒரு மணி நேரம்தான் தாத்தா" என்கிறான். அவன் சொல்வது சரிதான்; ஆனால் அம்பத்தூரிலிருந்து பைபாஸ் வழியாக மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக ஆஜர், பெங்களூரில் இறங்கிய பிறகு தேவனஹள்ளியிலிருந்து ஊருக்குள் வர இன்னும் ஒன்றரை மணி. 2008 மே மாதம் வரை எச்.ஏ.எல். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது. வாசலில் ஆட்டோ பிடித்து அத்தை வீட்டுக்குப் போய்விடலாம். எல்லாவற்றையும் கூட்டினால் அப்பா வியந்த ஐந்து மணியைத் தாண்டிவிடுகிறது, நடுவில் ஒரு ஊரின் முகமும் தெரியாமல்.

2022 நவம்பரில் வந்தே பாரத்தும் வந்துவிட்டது. நமக்குப் பக்கத்திலேயே, பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் கட்டிய வண்டி. நாலரை மணி நேரத்துக்குள் பெங்களூர். பெருமையாகத்தான் இருக்கிறது, ஏறியும் பார்த்தேன். குப்பத்து மேடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது, காற்று மட்டும் உள்ளே வரவில்லை.

பிருந்தாவன் இப்போது ஊர் ஊராக நின்று ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த மாதம் பேரனையும் அதில்தான் கூட்டிப் போகிறேன், ஏ.சி. இல்லாத பெட்டி, ஜன்னலோர சீட்டு அவனுக்கு.