செலான் சார்

போக்குவரத்துக் காவல்துறையின் செலான் குறுஞ்செய்தி வந்தால் ஊரில் எல்லோருக்கும் முகம் வாடும். செலான் சாருக்கு மட்டும் மலரும். பணி ஓய்வுக்குப் பிறகு அரசாங்கம் தன்னோடு நேரடியாகப் பேசுவது இப்படி ஒரு வழியில்தான் என்பதால் அதை நாலு முறை வாய்விட்டுப் படிப்பார்.

அதிவேகம், கார், அபராதம் 1000 ரூபாய்.

"கட்டித் தொலைங்களேன்" என்பார் மாமி.

"கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்டி!"

அடுத்த ஞாயிறு காலை காபிக்கு முன்பே கேமரா இருக்கும் இடத்துக்குப் போய்விடுவார். கேமரா வைத்த சாலையில் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மோட்டார் வாகன விதி 167ஏ அப்படித்தான் சொல்கிறது. பலகை இருந்தது. பாதியை ஒரு வேப்பங்கிளை மறைத்திருந்தது. நடைபாதையில் உட்கார்ந்து, குனிந்து, எந்தக் கோணத்தில் முழுசாக மறைகிறதோ அந்தக் கோணத்தில் படமெடுத்தார். காரில் போகிற யாரும் அந்த உயரத்தில் உட்கார முடியாது என்று நான் சொல்லவில்லை. நட்பு முக்கியம்.

சட்டத்தையும் கரைத்துக் குடித்திருக்கிறார். மின்னணுச் செலான் குறித்த நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். எண்ணிப் பார்த்தார், வந்திருந்தது. 183-ஆம் பிரிவில், வேகமாகப் போனதாக ஒரே ஒரு சாட்சி நினைத்தார் என்பதற்காக யாரையும் தண்டிக்க முடியாது என்ற வரியைக் கண்டதும் தெருவுக்கே கேட்கும்படி "மாட்டினான்!" என்றார். கருவியால் அளந்திருந்தால் அந்தச் சாட்சியம் செல்லும் என்று அதே வாக்கியம் முடிகிறது. அவர் அந்த வாக்கியத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுவது வழக்கம்.

சென்னையில் 2023 நவம்பரில் வேக வரம்பைக் காருக்கு 60 கிலோமீட்டர், பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாவற்றுக்கும் 30 என்று மாற்றினார்களே, அதுவும் மனப்பாடம். தான் அன்று எவ்வளவு வேகத்தில் போனோம் என்பது மட்டும் நினைவில்லை.

இப்படிப்பட்டவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். யாரோ ஒருவன் நம் நம்பரைப் போலியாக மாட்டிக்கொண்டு சுற்றினால், செலான் நமக்குத்தான் வரும். அப்போது எதிர்த்து நிற்கத்தான் வேண்டும். சாருடைய நம்பரை யாரும் திருடவில்லை. படத்தில் இருப்பது அவருடைய காரேதான், டேஷ்போர்டு பிள்ளையார் உட்பட.

மெய்நிகர் நீதிமன்ற இணையதளத்தில் அபராதம் கட்டவும் வழி உண்டு, எதிர்த்து வழக்காடவும் வழி உண்டு. இரண்டாவதைத் தட்டினால் வழக்கு நிஜக் கோர்ட்டுக்குப் போகும். சார் இஸ்திரி போட்ட சட்டையில் எழும்பூருக்குப் போனார். கையில் மூன்று ஃபைல், இரண்டு ஜெராக்ஸ் செட். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் குடித்துவிட்டு ஓட்டி, 10,000 ரூபாய்க்காகத் தலைகுனிந்தவர்கள். நடுவில் இவர் சுதந்திரப் போராட்டத் தியாகி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் டவாலி பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கனம் நீதிபதி அவர்களே, விதி 167ஏ..."

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?"

"அதுக்கு முன்னாடி ஒரு வேப்பமரம்..."

"ஒத்துக்கறீங்களா, இல்லையா?"

"இல்லை."

"சாட்சி விசாரணைக்குத் தள்ளி வைக்கிறேன்."

அவ்வளவுதான். இல்லை என்று சொன்னால் உடனே பேச விடுவார்கள் என்று நினைத்திருந்தார், வாய்தாதான் கிடைத்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவர் ஜெயித்த முகத்தோடு சொன்னார்: "கேஸ் நடக்குது."

தன் தரப்புக்கும் சாட்சி வேண்டுமே? அன்று காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாமிதான். பட்டியலில் முதல் பெயராக எழுதினார்.

மாமி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "நான் கூண்டுல ஏறினா உள்ளதைத்தான் சொல்வேன். கத்திப்பாரா தாண்டினதும் பயத்துல கண்ணை மூடிக்கிட்டு கந்த சஷ்டிக் கவசம் ஆரம்பிச்சேன். பாதிகூட முடியல, வடபழனி வந்துடுச்சு."

சார் பேனாவை எடுத்தார். இப்போது அந்தப் பட்டியலில் வேப்பமரம் மட்டும்தான் இருக்கிறது.