போடா வெண்ணெய்

எங்கள் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாருக்குக் கோபம் வந்தால் கையை ஓங்க மாட்டார். “போடா வெண்ணெய்” என்பார். அவ்வளவுதான். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வசவு. எங்களுக்குக் குழப்பம். எங்கள் ஊர் ஊத்துக்குளிக்குப் பக்கம். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே, “வெண்ணெய்க்குப் பேர் போன ஊருங்களா?” என்று ஆட்கள் கேட்பார்கள். எருமை கறந்து, மோர் சிலுப்பி, வெண்ணெய் விற்ற காசில் எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தவனை வெண்ணெய் என்று திட்டினால், அவன் அழுவதா, நெஞ்சை நிமிர்த்துவதா?

நாற்பது வருடம் கழித்து, போன ஆடி மாதத்தில், கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி, “எல்டிஎல் 168” என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “வெண்ணெய்?” என்றார்.

ஒரு நொடி திட்டுகிறாரோ என்றுதான் நினைத்தேன்.

“வெண்ணெய், நெய் எல்லாம் சாப்பிடுவீங்களா?”

“ஊத்துக்குளிப் பக்கம்ங்க” என்றேன். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை. எழுத ஆரம்பித்துவிட்டார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அடைக்கு வெண்ணெயும் வெல்லமும். கம்பங்களிக்கு வெண்ணெய். மாதம் இரண்டு முறை அம்மா வெண்ணெய் காய்ச்சும்போது, இறக்குகிற நேரத்தில் ஒரு கைப்பிடி முருங்கை இலையைப் போடுவாள். நெய்யை வடித்த பிறகு அடியில் பழுப்பாகக் கசண்டு நிற்கும். அதில் அப்பளம் மாதிரி மொறுமொறுத்த இலைகள் கிடக்கும். அந்தச் சட்டியிலேயே சுடுசோற்றைக் கொட்டிப் பிசைந்து உருண்டை பிடித்துத் தருவாள். அதற்காக நானும் தங்கச்சியும் மண்டையை உடைத்துக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது, என் மண்டையில்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் வீட்டில் சட்டம் இயற்றப்படுகிறது என்று பொருள்.

அன்று இரவே வாதாடிப் பார்த்தேன். தமிழிலிருந்து தொடங்கினேன். “வெண்மை நெய்தான் வெண்ணெய். எள் நெய்தான் எண்ணெய். ரெண்டும் நெய்தான். அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் பொதுப்பேரே நெய். எண்ணெய்க்கும் வெண்ணெய்க்கும் நடுவுல ஓரெழுத்துதான் வித்தியாசம்.”

“மண்ணெண்ணெய்கூட நெய்தானுங்களே. தோசைக்கு ஊத்தட்டுங்களா?”

தமிழ் தோற்றது. அறிவியலுக்கு மாறினேன். நூறு கிராம் எண்ணெயில் 900 கலோரி. நூறு கிராம் வெண்ணெயில் 720 பக்கம்தான். அப்படியானால் எது இளைத்தது? இது நிஜமான கணக்கு. வெண்ணெயில் நூற்றுக்கு 16 பங்கு போலத் தண்ணீர் இருப்பதால் வருகிற கணக்கு. ஆனால் அவள் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து வைத்தாள். வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு, அதில் 50 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. எல்டிஎல்லை ஏற்றுவது அதுதான். அந்த இடத்தில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளவாக வந்தால் எல்டிஎல் இறங்கும். எங்கள் அப்பாரு தொண்ணூறு வயது வரை வெண்ணெய் தின்றவர் என்று கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

“அப்பாரு ஏர் ஓட்டுனாருங்க. நீங்க என்ன ஓட்டறீங்க?”

காலத்தை ஓட்டுகிறேன் என்று சொல்லலாம். சொல்லவில்லை.

மறுநாள் குளிர்பெட்டியில் ஒரு மஞ்சள் டப்பா உட்கார்ந்திருந்தது. மேலே இதயம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் பாமாயில், சோயா எண்ணெய், தண்ணீர், உப்பு, எண்ணெயையும் தண்ணீரையும் ஒட்டவைக்க ஒரு பொருள், நிறம், மணம். எங்கள் பால்காரர் பாலில் ஒரு செம்பு தண்ணீர் விட்டார் என்று மூன்று வருடம் தெருவே அவரோடு பேசவில்லை. அதையே ஒரு கம்பெனி பாதிக்குப் பாதி விட்டு ‘லைட்’ என்று எழுதினால் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோம்.

எனக்கு முதலில் உறுத்தியது அதன் ருசிகூட இல்லை. நிறம். வெண்ணெய் எப்படி மஞ்சளாக இருக்கும்? பேரிலேயே வெள்ளை இருக்கிறதே! பசு வெண்ணெயில் லேசாக மஞ்சளோடும். புல்லிலிருக்கிற கரோட்டின் பாலில் அப்படியே இறங்குவதால் அது. எருமை அதையும் வைட்டமினாக மாற்றித்தான் பாலில் விடும். அதனால் எருமை வெண்ணெய் வேட்டி வெள்ளை. கடையில் விற்கிற உறை போட்ட பட்டரிலேயே நிறத்துக்கு அன்னாட்டோ என்கிற விதைச் சாயம் சேர்ப்பது உண்டு. ஆக, சாயம் பூசிய வெண்ணெயைப் பார்த்து, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் சாயம் பூசியிருக்கிறார்கள். வேடத்துக்கும் ஒரு மாறுவேடம்.

இந்த வேடத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். பிரான்சை ஆண்ட மூன்றாம் நெப்போலியன், ராணுவத்துக்கும் ஏழைகளுக்கும் மலிவாக ஒரு வெண்ணெய் வேண்டும் என்று பரிசு அறிவித்தான். மேஜ்-மூரியேஸ் என்கிற வேதியியல்காரர் 1869-ல் மாட்டுக் கொழுப்பை உருக்கி, அதில் பாலைச் சேர்த்து ஒன்றைச் செய்து காட்டினார். முத்து என்பதற்கான கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு மார்ஜரின் என்ற பெயர் வந்தது. வெள்ளை முத்துதான். வெண்ணெய் போல விற்க வேண்டுமானால் மஞ்சளடிக்க வேண்டும்.

அங்கேதான் அமெரிக்கப் பால் பண்ணைக்காரர்கள் பிடித்தார்கள். 1886-ல் மார்ஜரினுக்கு வரி வந்தது. வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள், மார்ஜரின் விற்பதானால் அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசித்தான் விற்க வேண்டும் என்றே சட்டம் போட்டன. ரோஸ் நிற வெண்ணெயை எவன் ரொட்டியில் தடவுவான் என்கிற கணக்கு. எதிரியை ஒழிக்க இதைவிட நாசூக்கான வழியை எங்கள் ஊர்ப் பங்காளிகள்கூடக் கண்டுபிடித்ததில்லை. உச்ச நீதிமன்றம் 1898-ல் அதைத் தூக்கியெறிந்தது. ஆனாலும் மஞ்சள் மீதான தடையும் வரியும் பல இடங்களில் நீடித்ததால், கம்பெனிகள் வெள்ளை மார்ஜரினோடு சாயப் பொட்டலத்தைத் தனியாகக் கொடுத்தன. அமெரிக்கப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து அதைப் பிசைந்து மஞ்சளாக்கினார்கள். விஸ்கான்சின் மாநிலம் 1967 வரை பிடிவாதமாக இருந்தது. நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் ஊர் எருமை வெண்ணெய் அந்நாளில் கப்பலேறிப் போயிருந்தால், வெள்ளையாக இருக்கிற குற்றத்துக்காக மார்ஜரின் என்று பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள்.

நமக்கும் ஒரு வேடதாரி வாய்த்தது. 1937-ல் வந்த டால்டா. மரம் போட்ட அந்த டப்பா இல்லாத வீடு கிடையாது. நெய்க்குப் பதிலாக வந்து, கல்யாண வீட்டு லட்டுகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. டப்பா காலியானதும் துளசி நட்டோம், மீதியில் குளியலறையில் தண்ணீர் மொண்டோம். திரவ எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்திக் கட்டியாக்குவது வனஸ்பதியின் சூட்சுமம். அந்தச் சூட்சுமத்தை அரைகுறையாகச் செய்தால் டிரான்ஸ் கொழுப்பு பிறக்கிறது. அது எல்டிஎல்லை ஏற்றி, நல்ல கொழுப்பான எச்டிஎல்லையும் இறக்குகிறது. எந்த நெய்க்கு மாற்றாக வந்ததோ அந்த நெய்யைவிட மோசம் என்று தெரிய இத்தனை வருடம் ஆயிற்று. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் விதி. இப்போதைய டப்பாக்கள் அந்தப் பழைய பாவத்தைப் பெரும்பாலும் செய்வதில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிடிக்காதவனானாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமில்லையா.

சரி, எங்கள் டப்பாவுக்கு வருவோம். முதல் நாள் தோசைக்கல்லில் ஒரு கரண்டி போட்டேன். கல் சீறியது. உள்ளே இருந்த தண்ணீர் பொரிந்து முகத்தில் தெறித்தது. தோசை முறுகாமல், அழுத பிள்ளை போல ஈரமாக வந்தது. ரொட்டியில் தடவத்தான் அது லாயக்கு, அடுப்பேற்ற அல்ல என்று அன்றே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

புரிந்துகொள்ளவில்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மனைவி கல்யாணத்துக்குப் போன இடைவெளியில், ஆரோக்கியமான வெண்ணெய் முறுக்கு சுட்டு அவளை அசத்துவது என்று இறங்கினேன். அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, எள், பெருங்காயம், உப்பு. வெண்ணெய்க்குப் பதில் அதே அளவுக்கு டப்பா சரக்கு. முறுக்கு வாயில் கரைவதே மாவுக்குள் போகிற வெண்ணெயால்தான். கொழுப்பு மாவைப் பிணைய விடாமல் உதிர்க்கும். நான் போட்டதோ பாதி தண்ணீர். முதல் ஈடு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆறியதும் ஒன்றைத் தட்டில் போட்டேன். தட்டு சத்தம் போட்டது. மாமனார் ஒன்றைக் கையில் வாங்கி, கடிக்காமல், வீடு கட்டக் கம்பி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிற தோரணையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்குப் பத்து கொடுத்தனுப்பினேன். மூன்று நாள் கழித்துத் தட்டைத் திருப்பித் தந்த அம்மா மரியாதையானவர். “நல்லா இருந்துச்சுங்க தம்பி. பையன் இன்னும் தின்னுட்டிருக்கான்” என்றார்.

அதற்குப் பிறகு மகள் ஆலோசனை சொன்னாள். பீனட் பட்டர். வாங்கிப் பார்த்தால் நம் கடலையை அரைத்து வைத்திருக்கிறார்கள். ருசி பழுதில்லை. ஆனால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வந்த தொலைபேசி அழைப்புக்கெல்லாம் நான் “ம்ம்” என்றே பதில் சொல்லும்படி ஆயிற்று. அடுத்து அவகேடோ. கொடைக்கானல் கீழ்மலையில் விளைந்தது. “பட்டர் ஃப்ரூட்டுங்க” என்றார் பழக்கடைக்காரர். தமிழிலும் வெண்ணெய்ப்பழம்தான். கவனித்தீர்களா, வெண்ணெயை விட்டுவிடு என்று வருகிற எல்லாரும் அதன் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். பழம் கல்லாக இருந்தது. மாங்காயைப் பழுக்க வைக்கிற மாதிரி அரிசி டப்பாவுக்குள் புதைத்தோம். புதைத்ததை மறந்தோம். பத்தாம் நாள் அரிசி களைய டப்பாவைத் திறந்த மனைவி, அன்று மத்தியானம் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளும்படி எனக்குத் தகவல் அனுப்பினாள்.

இதற்கிடையில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. கொழுப்பைப் பற்றி உலகை எச்சரித்த ஆன்செல் கீஸ் என்கிற விஞ்ஞானியை 1961-ல் அட்டையில் போட்ட அதே டைம் பத்திரிகை, 2014-ல் வெண்ணெய்ச் சுருளைப் படம் பிடித்து ‘வெண்ணெய் சாப்பிடுங்கள்’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது அந்தப் படத்தைக் கைபேசியில் டாக்டரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “அந்த கீஸ் எத்தனை வயசு இருந்தார்னு தெரியுமா?” என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன். 1904-ல் பிறந்து 2004-ல் இறந்திருக்கிறார். நூறு. கைபேசியை மூடி வைத்தேன்.

அந்தப் பரிசோதனையில் எல்டிஎல் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும், டாக்டரிடம்தான் சொல்லவில்லை. வெண்ணெயென்றால் பயந்து நகக்கண் அளவு எடுப்பேன். டப்பாவில் இதயம் சிரிக்கிறதே என்ற தைரியத்தில் கொத்தனார் கரணையால் பூசுகிற மாதிரி பூசினேன். ரொட்டியும் இரண்டு நான்காயிற்று.

கார்த்திகையில் அம்மா ஊரிலிருந்து வந்தவர் கையில் ஒரு தூக்குப்போசி கொடுத்தனுப்பியிருந்தாள். திறந்தேன். தண்ணீரில் மிதந்துகொண்டு ஐந்து வெள்ளை உருண்டைகள். மன்னார்குடியில் வெண்ணெய்த்தாழித் திருவிழா அன்று தவழ்கிற கிருஷ்ணன் மேல் ஜனங்கள் வெண்ணெயை அள்ளி வீசுவார்கள். நாமக்கல் ஆஞ்சநேயருக்கு மேனி முழுக்க வெண்ணெய்க் காப்பு. சாமிக்கு மட்டும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை. மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சள் டப்பாவில் மிச்சமிருந்ததை வழித்துக் குப்பையில் போட்டேன், கழுவினேன், நான்கு உருண்டைகளை உள்ளே அழுத்தி மூடினேன். ஐந்தாவது உருண்டையை எங்கே வைத்தேன் என்பது எனக்கும் வெல்லக்கட்டிக்கும் மட்டும் தெரியும். உலகமே போலியை வெண்ணெய் வேடத்தில் விற்கிறது. வெண்ணெய்க்குப் போலி வேடம் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

நான்கு நாள் சுகமாகப் போயிற்று. “டப்பாவை நல்லாப் பழகிட்டீங்க போலிருக்குது” என்று மனைவிகூடப் பாராட்டினாள். ஐந்தாம் நாள் நான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

“ஏனுங்க, அந்த டப்பா கெட்டுப்போச்சுங்க.”

“கெட்டுப்போச்சா?”

“ஆமாங்க. தெறந்து பாத்தா வெள்ளை வெளேர்னு கெடக்குது. மஞ்ச நெறமே போயிருச்சு. பூசணம் புடிச்சிருச்சோ என்னமோ.”

“அப்புறம் என்ன பண்ணுன?”

“கெட்டுப்போனதை வெச்சுக்க முடியுங்களா?” முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அடுப்படியிலிருந்து முருங்கை இலை பொரிகிற வாசம் வந்துகொண்டிருந்தது. அலம்பிக் கவிழ்த்த டப்பாவின் மேல் இதயம் தலைகீழாகச் சிரித்தது.

இரவு மகள் தட்டில் சுடுசோறு, பருப்பு, அதன் மேல் குழி பறித்து நெய், ஓரத்தில் கசண்டு. என் தட்டில் சுரைக்காய்க் கூட்டு. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்லிக்காட்டுகிற தைரியம் அந்த வேளையில் இல்லை. எதை எங்கே கண்டெடுத்தாள் என்று கேட்க எனக்கு வாயும் இல்லை. குனிந்து கூட்டைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“கசண்டு வேணுங்களா?” என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். சட்டியிலிருந்து இரண்டே இரண்டு முருங்கை இலைகளைக் காம்போடு எடுத்தாள். சட்டி விளிம்பில் அவற்றை ஒன்றுக்கு மூன்று முறை உதறினாள். சொட்டு வடிகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என் சோற்றின் மேல் வைத்தாள்.