எழுவாய் எங்கே?

கேள்வி: சப்ஜெக்ட் என்றால் செயலைச் செய்பவர் என்று படித்தேன். ‘தி பாம்பன் பிரிட்ஜ் வாஸ் ஓபண்ட் இன் 1914’ என்ற வாக்கியத்தில் பாலம் என்ன செய்தது?
— பத்தாம் வகுப்பு மாணவி, இராமநாதபுரம்

பதில்: ஒன்றுமே செய்யவில்லை. கடல்மேல் சும்மா நின்றுகொண்டிருந்தது. திறந்துவைத்தவர்கள் வாக்கியத்துக்குள் வரவே இல்லை. ஆனாலும் சப்ஜெக்ட் பாலம்தான்!

‘செய்பவர்’ என்ற விளக்கம் பந்தை எறிந்தான், பாலைக் குடித்தாள் வகை வாக்கியங்களோடு நின்றுவிடும். அதைவிட வினையைக் கேட்டால் அது சரியான ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்ஜ் என்பதைப் பிரிட்ஜஸ் ஆக்கிப் பாருங்கள், வாஸ் உடனே வேர் ஆகிவிடும். கடைசியில் ‘பை தி இன்ஜினியர்ஸ்’ என்று பொறியாளர் படையையே கொண்டுவந்து நிறுத்துங்கள், வாஸ் அசையாது. எந்தப் பெயரின் ஒருமை பன்மைக்கு ஏற்ப வினை மாறுகிறதோ அது சப்ஜெக்ட், மிச்சமெல்லாம் பிரெடிகேட். ‘வென்ட்’, ‘ஏட்’ போன்ற இறந்தகால வினைகள் யாருக்கும் மாறாது. அங்கே வாக்கியத்தை நிகழ்காலத்துக்கு மாற்றிவிட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: ‘தி லிஸ்ட் ஆஃப் பென்டிங் ஃபைல்ஸ் ஆர் ஆன் தி டேபிள்’ என்று எழுதினேன். மேலதிகாரி ‘ஆர்’ஐ அடித்து ‘இஸ்’ போட்டார். ஃபைல்கள் பல இருக்கின்றனவே?
— அலுவலக உதவியாளர், திருச்சி

பதில்: நியாயம் மேலதிகாரி பக்கம். ஃபைல்கள் பல, ஆனால் லிஸ்ட் ஒன்றுதான். வினைக்குப் பக்கத்தில் எந்தப் பெயர் நிற்கிறதோ அதற்கு இணங்கிப்போகும் ஆசை நாக்குக்கு உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இதே இடத்தில் சறுக்குவார்கள்.

நீளமான சப்ஜெக்ட்டைப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். வாக்கியத்தைக் கேள்வியாக்குங்கள்: ‘இஸ் தி லிஸ்ட் ஆஃப் பென்டிங் ஃபைல்ஸ் ஆன் தி டேபிள்?’ இஸ் எந்தச் சொற்கூட்டத்தைத் தாண்டி முன்னால் ஓடியதோ, அந்தக் கூட்டம் முழுவதும் சப்ஜெக்ட்.

‘தி பாய் ஹூ இஸ் சிங்கிங் இஸ் ஹேப்பி’ என்பதில் இரண்டு இஸ் இருக்கின்றன. எது முன்னால் ஓடும்? முதலாவது ஓடினால் ‘இஸ் தி பாய் ஹூ சிங்கிங் இஸ் ஹேப்பி’ என்று உளறலாகிவிடும். ஓட வேண்டியது இரண்டாவது. இதைக் குழந்தைகள் எப்படிச் செய்கிறார்கள் என்று ஸ்டீபன் கிரெய்ன், மினேஹாரு நகயாமா என்ற இரு மொழியியலாளர்கள் 1987இல் சோதித்தார்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் ஜப்பா என்ற பூதாகாரப் பாத்திரத்தின் பொம்மை, அதனிடம் கேட்கச் சொல்லி இப்படிப்பட்ட வாக்கியங்கள். பிள்ளைகள் வேறு தவறுகள் செய்தார்கள். ஆனால் சப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் இஸ்ஸைப் பிடுங்கி முன்னால் போட்டு அந்த உளறலை உண்டாக்கியவர் ஒருவரும் இல்லை. சப்ஜெக்ட் எங்கே முடிகிறது என்பது, அந்தச் சொல்லையே கேட்டிராத குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இலக்கணத்தின் மேல் மாறாத காதல் இருப்பதற்கு இதுபோன்ற செய்திகள்தான் காரணம்.

கேள்வி: ‘இட் இஸ் ரெயினிங்’. யார் சார் அந்த இட்? வானமா, மேகமா, வருண பகவானா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: மூவரும் இல்லை. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்தத் துண்டுதான் இட். ஆங்கில வாக்கியத்தில் எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது. உட்கார ஆள் இல்லையென்றால் துண்டாவது கிடக்க வேண்டும்.

தமிழுக்கு அந்தக் கவலை இல்லை. ‘வந்தேன்’ என்றாலே வந்தது நான் என்று விகுதி சொல்லிவிடும். இத்தாலியரும் ‘பியோவே’ என்ற ஒரே சொல்லில் மழையைப் பெய்ய வைத்துவிடுவார்கள். ஆங்கில வினையின் விகுதிகள் பல நூற்றாண்டுகளாகத் தேய்ந்து, நிகழ்காலத்தில் ஒரு ‘ஸ்’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆள் யார் என்பதை வெளியே சொல்லியாக வேண்டிய நிலை. ஆனால் காரணம் அது ஒன்றே என்று முடித்துவிட முடியாது. விகுதிகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஜெர்மனும் மழைக்கு ‘எஸ்’ என்று ஒரு துண்டு போடுகிறது.

கேள்வி: ‘கோ!’ என்று ஒரே சொல்லில் விரட்டுகிறார்கள். இடம் காலியாகத்தானே கிடக்கிறது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ‘யூ’ மறைந்து உட்கார்ந்திருக்கிறது, நம் தோன்றா எழுவாயைப் போலவே. சந்தேகமிருந்தால் ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்பதைப் பாருங்கள். உள்ளே யூ இல்லாமல் யுவர்செல்ஃப் எங்கிருந்து வரும்?

கேள்வி: ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஐ லைக்’ என்கிறோம். ‘எனக்கு’ எப்படி ‘நான்’ ஆயிற்று?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ஒரு காலத்தில் ஆங்கிலமும் நம்மைப் போலத்தான் பேசியது. டென்மார்க் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதை விளக்க ஒரு வாக்கியம் அமைத்தார். இன்றைய ஆங்கிலத்தில் அது ‘தி கிங் லைக்ட் பேர்ஸ்’, ராஜாவுக்குப் பேரிக்காய் பிடித்தது. பழைய ஆங்கிலத்தில் இதே வாக்கியத்தில் ராஜா நான்காம் வேற்றுமையில் நிற்பார். எழுவாய் பேரிக்காய்கள். வினையும் அவற்றுக்கு இசைந்து பன்மை விகுதியோடு வரும். ‘ராஜாவுக்குப் பேரிக்காய்கள் பிடித்தன’ என்ற நம் வாக்கியத்தின் அச்சு அசல் அது.

பிறகு ராஜாவின் வேற்றுமை உருபு உதிர்ந்தது. வினையின் பன்மை விகுதியும் உதிர்ந்தது. சொற்கள் நின்ற வரிசை மட்டும் மிஞ்சியது. முன்னால் நிற்பவரே சப்ஜெக்ட் என்று பழகிப்போன காதுக்கு ராஜா சப்ஜெக்ட்டாகக் கேட்டார். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் பேரிக்காயிடமிருந்து ராஜா பதவியைப் பறித்துக்கொண்டார்! இன்று அவருக்குப் பதிலாக ‘ஹீ’ போடுகிறோம், ‘ஹிம்’ போடுவதில்லை. பதவி உறுதியாகிவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

பசியையும் தாகத்தையும்கூடப் பழைய ஆங்கிலம் இந்த முறையில் சொன்னதுண்டு. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் ‘மீதிங்க்ஸ்’ அந்தக் குடும்பத்தில் தப்பிப் பிழைத்த முதியவர். அதில் இருப்பது ‘ஐ’ இல்லை, ‘மீ’. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று பொருள்.

கேள்வி: என் மகன் ‘மை மாமா டாக்டர்’ என்கிறான். ‘இஸ்’ போடச் சொல்லி அலுத்துவிட்டேன்.
— இல்லத்தரசி, சேலம்

பதில்: திட்டாதீர்கள் அம்மா. பிள்ளை தொல்காப்பியர் வழியில் பேசுகிறான். எழுவாய் ஏற்கும் பயனிலைகளில் அவர் ஆறு வகை சொன்னார். அவற்றுள் வினையும் உண்டு, வெறும் பெயரும் உண்டு. ‘மாமா டாக்டர்’ என்பது தமிழில் குறையே இல்லாத வாக்கியம். ரஷ்ய மொழியிலும் அப்படித்தான். ஆங்கிலப் பிரெடிகேட்டுக்கு மட்டும் வினை ஒன்று இருந்தே தீர வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் இஸ்ஸாவது. ‘தமிழில் நீ சொன்னது சரி, ஆங்கிலத்துக்கு ஒரு இஸ் வேண்டும்’ என்று சொல்லுங்கள். தப்பு என்று சொல்வதைவிட இது சீக்கிரம் மனதில் ஏறும்.

கேள்வி: வகுப்பில் இதை எப்படி நடத்துவது? வரையறையை மனப்பாடம் செய்கிறார்கள், வாக்கியத்தைக் கொடுத்தால் விழிக்கிறார்கள்.
— ஆங்கில ஆசிரியை, விழுப்புரம்

பதில்: வரையறையைத் தள்ளிவைத்துவிட்டுச் சாக்பீஸை எடுங்கள். அமெரிக்காவில் அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற இரு ஆசிரியர்கள் 1877இல் வெளியிட்ட பாடநூலில் ஒரு வரைபட முறை இருந்தது. படுக்கைக்கோடு ஒன்று, அதைக் குறுக்கே வெட்டி ஒரு செங்குத்துக்கோடு. இடப்பக்கம் சப்ஜெக்ட், வலப்பக்கம் பிரெடிகேட். அவர்கள் முக்கியச் சொற்களை மட்டும் கோட்டின்மேல் வைத்து மற்றவற்றைக் கிளைகளாகத் தொங்கவிட்டார்கள். நமக்குக் கிளைகள் பிறகு போதும், முதலில் அந்தச் செங்குத்துக்கோடு.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தமிழ் வகுப்பில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று மூன்றாகப் பிரித்த கை, ஆங்கிலத்திலும் மூன்றாக வெட்டப் பார்க்கும். ‘ஷி ரெட் தி நியூஸ்பேப்பர்’ என்பதில் நியூஸ்பேப்பரும் பிரெடிகேட்டுக்குள்தான் அடக்கம். கோடு ஷிக்குப் பிறகு ஒரே இடத்தில் விழும்.

கைபழகியதும் ‘ஆன் தி ஹில் ஸ்டாண்ட்ஸ் எ டெம்பிள்’ என்று எழுதிப்போட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். பாதிப் பேர் குன்றின்மேல் போடுவார்கள். உடனே டெம்பிளை டெம்பிள்ஸ் ஆக்குங்கள். ஸ்டாண்ட்ஸ் தன் ‘ஸ்’ஸைக் கழற்றி வைக்கும்போது, பின்வரிசையிலிருந்து ஒரு குரலாவது ‘டீச்சர், கோயில்தான்!’ என்று கத்தும்.