திறந்த வாயும் எகிறிய பில்லும்: ஓர் ஒலியியல் ஆய்வு

பல் மருத்துவமனையில் பில் தகராறு வரக் காரணம் மருத்துவரின் பேராசை என்பார் ஒரு சாரார். நோயாளியின் கஞ்சத்தனம் என்பார் மறுசாரார். இரண்டும் மேம்போக்கு. மூல காரணம் எழுத்துகளின் பிறப்பில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தொல்காப்பியப் பிறப்பியலின்படி அகரமும் ஆகாரமும் வாயைத் திறந்தாலே பிறப்பவை. பகர மகரங்களுக்கு உதடுகள் கூட வேண்டும். வகரத்துக்கோ பல்லும் உதடும் சேர வேண்டும். இனி நோயாளியைச் சாய்வு நாற்காலியில் கிடத்துவோம். வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாய், பஞ்சு, கண்ணாடி, மருத்துவரின் இரண்டு விரல். 'வேண்டாம்' முதலெழுத்திலேயே மடிகிறது. 'எவ்வளவு' பாதி வழியில் நிற்கிறது. 'பணம்' புறப்படவே இல்லை. மிஞ்சுவது 'ஆ' ஒன்றே. அதை மருத்துவ உலகம் 'ஆகட்டும்' என்பதன் சுருக்கமாகக் கொள்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பல், எண் 36. (இருப்பதே 32 தானே என்று பதற வேண்டாம். வாயை நாலாக வகுத்து, மூன்றாம் பகுதியில் ஆறாவது பல் என்று படிக்க வேண்டும். கீழே இடப்பக்க முதல் கடைவாய்ப்பல்.) அப்பாயின்ட்மென்ட் அட்டையின் பின்புறம் எழுதித் தந்தது: ரூட் கெனால் 4,500, கேப் 5,000. வந்த பில் 13,200. இடையில் நுழைந்தவை போஸ்ட் 2,000, எக்ஸ்ரே மூன்றுக்கு 900, தற்காலிக கேப் 800.

"டாக்டர் அப்பவே கேட்டாங்களே சார், நீங்க 'ஆ'ன்னீங்களே" என்றார் வரவேற்பு மேசைப் பெண்.

நோயாளி பதில் சொன்னார். மரத்த கீழுதட்டிலிருந்து அது ஒழுகியது.

இங்கிருந்து பெறப்படும் முதல் விதி: ஊசியின் மரமரப்பு தீர இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும்; அதுவரை வழக்காடலாகாது. நம் நோயாளி மாலை ஏழு மணிக்குத் திரும்பிப் போய், "டாக்டர், இதைத் தனித்தனியா விளக்கிச் சொல்லுங்க" என்றார். மருத்துவர் திரையில் படத்தைக் காட்டினார். பல்லின் மேல்பாகம் பெரும்பாலும் சிதைந்திருந்தது; உள்ளே ஊன்ற ஒன்று இல்லாமல் கேப் நிற்காது. போஸ்ட் நியாயமே. எக்ஸ்ரேயோ வேரின் நீளம் அளக்க ரூட் கெனாலில் எடுத்தே ஆக வேண்டியது. அதைத் தனியே வசூலிப்பது இட்லிக்கும் ஆவிக்கும் தனித்தனி பில் போடுவதற்கு ஒப்பு. 900 அடிபட்டது. தற்காலிக கேப் பாதியானது. ஆக 11,900.

இவ்வளவு எளிதில் முடியாதவர்களுக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் அட்டையில் பாக்கி சிட்டிங் இருக்கும்போது யாரும் அங்கே போவதில்லை. நிலையான கேப்பை ஒட்ட வேண்டியவரும் அதே மருத்துவர்தானே.

ஒலி கைவிடும் இடத்தில் சைகைதான் வழி. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்பது ஏற்கெனவே நடைமுறையில் உள்ள மரபு. கூடுதல் செலவென்றால் வலது கை என்று இவ்வாய்வு முன்மொழிகிறது. நடைமுறைச் சிக்கல் ஒன்றே: அந்தப் பக்கம் டிரில்லோடு உட்கார்ந்திருப்பவர் மருத்துவர்.