ஆறு சதவீத வள்ளல்

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். பாரி முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு நடந்தே போனான். இருவருக்கும் வியாபாரம் தெரியாது. போர்வைக்கு மாத வாடகை எவ்வளவு, கொடி தேரைச் சேதப்படுத்தினால் யார் பொறுப்பு என்று ஒரு வரி எழுதி வாங்கியிருப்பார்களா? வள்ளல் பரம்பரையின் இந்தப் பெருங்குறையைத் தீர்க்க 1880-ல் சிகாகோவில் ஒருவர் கிளம்பினார். ஜார்ஜ் புல்மன். ரயிலில் படுத்துத் தூங்கும் சொகுசுப் பெட்டிகளைச் செய்து, பெட்டியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, ராத்திரிக்கு இவ்வளவு என்று படுக்கைக்குக் காசு பார்த்தவர். படுக்கையில் ஓடிய கணக்கு ஒரு ஊருக்கும் ஓடாதா என்று யோசித்தார்.

அன்றைய சிகாகோவைப் பார்த்தால் யாருக்கும் யோசனை வரும். 1880-ல் மக்கள் தொகை 5 லட்சத்து 3 ஆயிரம். 1890-ல் கிட்டத்தட்ட 11 லட்சம். பத்தே வருஷத்தில் இன்னொரு சிகாகோ வந்து முதல் சிகாகோவின் மடியில் உட்கார்ந்துகொண்டது. ஐரிஷ்காரர், ஜெர்மானியர், ஸ்வீடன்காரர், போலந்துக்காரர் என்று கப்பல் கப்பலாக இறங்கியவர்களை ஆலைகள் வாரி எடுத்துக்கொண்டன. வேலை முடிந்து சங்கு ஊதிய பிறகு அவர்கள் எங்கே போய்ப் படுப்பார்கள் என்பது ஆலைக்காரரின் கவலை அல்ல. கசாப்புக் கிடங்குகளுக்குப் பின்னால், சாக்கடை இல்லாத தெருக்களில், மரக் கொட்டகைகளில் ஒண்டினார்கள். 1877-ல் ரயில்வே ஸ்டிரைக் நாட்டையே உலுக்கியபோதுதான், ஒண்டியவர்கள் எழுந்து நிற்கவும் தெரிந்தவர்கள் என்று பணக்காரர்களுக்குப் புரிந்தது.

புல்மனின் மருந்து எளியது. தொழிலாளிக்கு அழகான வீடு கொடு. குடிக்க மாட்டான், கூட்டம் போட மாட்டான், ஸ்டிரைக் பண்ண மாட்டான். கேலுமெட் ஏரிக்கரையில் சுமார் 4,000 ஏக்கர் வாங்கினார். ஆலைக்குப் பக்கத்திலேயே செங்கல் வீடுகள் வரிசையாக எழுந்தன. குழாயில் தண்ணீர், எரிவாயு விளக்கு, பாதாளச் சாக்கடை, மரம் நட்ட தெரு, குப்பை அள்ள ஆள். ஊருக்குப் பெயர்? நல்ல யோசனைக்குப் பிறகு ‘புல்மன்’ என்று வைத்தார்கள். அந்த வீடுகள் சிகாகோவின் சந்துகளைவிட எவ்வளவோ மேல் என்பது உண்மை. அதைச் சொல்லாமல் மேலே போனால் இது வெறும் வசவாகிவிடும்.

விதி ஒன்றே ஒன்று: போட்ட முதலுக்கு ஊர் ஆறு சதவீதம் ஈட்ட வேண்டும். ஊர் என்றால் முழு ஊர். நூலகத்துக்குப் பெரியவர்களுக்கு வருஷத்துக்கு 3 டாலர் சந்தா. புத்தகங்கள் மெத்தை நாற்காலிகளோடு, கறை படாமல், சுகமாக இருந்தன. பச்சைக் கல்லில் ஒரு தேவாலயம் கட்டினார். ஊருக்கு அதுதான் கண். ஆனால் அவர் கேட்ட வாடகை எந்தச் சபைக்கும் கட்டுப்படியாகவில்லை. கர்த்தரானாலும் குடியிருக்க வேண்டுமானால் வாடகை உண்டு என்ற கொள்கையில் கோயில் வருஷக்கணக்கில் பூட்டியே கிடந்தது. சாராயக் கடைக்கு இடமில்லை. தன் மகள் பெயரில் கட்டிய ஃபுளோரன்ஸ் ஹோட்டலில் மட்டும் பார் உண்டு, அங்கே உட்காரத் தொழிலாளியின் பைக்குத் தெம்பில்லை. ஒழுக்கத்தையும் ரூம் வாடகை மாதிரி தரம் பிரித்திருந்தார் மனிதர்.

ஊர்க் கழிவுகூட வீணாகவில்லை. குழாய் வழியாகக் கம்பெனியின் பண்ணைக்குப் போய் உரமாகி, காய்கறியாக விளைந்து, விலைக்குப் போயிற்று. மனிதன் தின்பதிலும் லாபம், தின்ற பிறகும் லாபம். பேகனுக்கு இந்த மூளை இருந்திருந்தால் மயில் இறகையாவது எண்ணி விற்றிருப்பான்.

விற்காதது ஒன்றே ஒன்று: வீடு. எத்தனை வருஷம் வாடகை கட்டினாலும் ஒரு செங்கல் சொந்தமாகாது. பத்து நாள் நோட்டீஸ் கொடுத்து யாரையும் வெளியேற்றலாம். 1885-ல் ரிச்சர்ட் ஈலி என்ற பொருளாதாரப் பேராசிரியர் இந்த ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது அமெரிக்கத் தன்மைக்கே ஒவ்வாதது என்று பத்திரிகையில் எழுதினார். யார் கேட்டார்கள்? 1893-ல் உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் புல்மனையும் ஒரு காட்சிப் பொருளாகப் பார்த்துவிட்டு, அடடா என்று உச்சுக்கொட்டிப் போனார்கள்.

அதே 1893-ல் நாடு முழுவதும் வங்கிகள் கவிழ்ந்தன. பெட்டிக்கு ஆர்டர் இல்லை. புல்மன் பலரை வீட்டுக்கு அனுப்பினார்; மிச்சம் இருந்தவர்களின் கூலியைச் சராசரியாகக் கால் பங்கு வெட்டினார். வாடகையில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.

இங்கேதான் அவருடைய மேதைமையைக் கவனிக்க வேண்டும். புல்மன் ஒருவர் அல்ல, இருவர். முதலாளி புல்மன் சந்தை விழுந்துவிட்டது என்று கைவிரிப்பார். “அப்படியானால் வாடகையைக் குறையுங்கள்” என்று கேட்டால் வீட்டுக்கார புல்மன் வருவார். அவருக்கு முதலாளி புல்மனை அறிமுகமே கிடையாது. கூலி வேறு, வாடகை வேறு; ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன சம்பந்தம் என்பார். பிறகு வெடித்த ஸ்டிரைக்கை விசாரித்த அரசாங்கக் கமிஷன் முன்னாலும் இதையே முகம் சுளிக்காமல் சாதித்தது கம்பெனி. ஆள் இரண்டானால் கல்லாப்பெட்டியும் இரண்டு. தொழிலாளிக்கு மட்டும் ஒரே வயிறு.

சம்பள நாளை நினைத்துப் பாருங்கள். கூலியை நேரே பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் இரண்டு செக். ஒன்று வாடகைத் தொகைக்கு, இன்னொன்று மிச்சத்துக்கு. இரண்டும் கம்பெனியின் வங்கியில்தான் கைக்கு வரும்; வாடகைச் செக்கில் கையெழுத்துப் போட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அப்படிக் கொடுத்த பிறகு ஒரு தொழிலாளிக்கு மிஞ்சியது 2 சென்ட். அவர் அதை மாற்றவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார். அந்த ஊரிலேயே ஊழியம் செய்த கார்வர்டைன் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் இதைப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். உலகின் மிக அழகான ஊரில், மிக அழகாகச் சட்டமிட்ட 2 சென்ட்!

ஜென்னி கர்ட்டிஸ் என்ற தையல்காரப் பெண்ணின் அப்பாவும் புல்மன் ஆலையில்தான் உழைத்தார். நோயில் படுத்து, இறந்தார். சுமார் 60 டாலர் வாடகை பாக்கி. செத்தவரிடம் வசூலிக்க முடியாதே என்று கம்பெனி கலங்கவில்லை; மகளின் கூலியிலிருந்து சம்பளத்துக்குச் சம்பளம் கட்டச் சொன்னது. அப்பன் குடியிருந்த கடனை மகள் தைத்துத் தீர்த்தாள்.

சரி, கம்பெனியும் நொடித்துப் போயிருக்கும், பாவம் என்று தோன்றும். கமிஷன் அறிக்கையைப் புரட்டினால் அந்தப் பாவம் பறந்துவிடும். 1893 ஜூலையோடு முடிந்த வருஷம் கூலி 72 லட்சம் டாலர், பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் 25 லட்சத்து 20 ஆயிரம். அடுத்த வருஷம் கூலி 44 லட்சத்து 70 ஆயிரமாகச் சரிந்தது. டிவிடெண்ட்? 28 லட்சத்து 80 ஆயிரமாக ஏறியது. ஊரே பட்டினியில் இளைத்தபோது உடம்பு பிடித்த இடம் அது ஒன்றுதான். இதற்குப் பெயர் நஷ்டமாம்!

தொழிலாளர் சார்பில் குறை சொல்லப் போன குழுவில் மூன்று பேருக்கு வேலை போயிற்று. தொழிலாளர்கள் ஸ்டிரைக்கில் இறங்க, 1894 மே 11-ல் ஆலை நின்றது. யூஜீன் டெப்ஸின் அமெரிக்க ரயில்வே யூனியன் ஜூன் 26 முதல் புல்மன் பெட்டி பூட்டிய வண்டிகளைத் தொட மறுத்தது. பேசித் தீர்க்கலாமே என்றவர்களுக்குப் புல்மன் சொன்ன பதில், பேச ஒன்றுமே இல்லை என்பது. தொழிலாளர் பக்கமும் கறை இருந்தது. கறுப்பர்களை யூனியனில் சேர்க்கக் கூடாது என்று மாநாட்டில் ஓட்டுப் போட்டு முடிவெடுத்தவர்கள் அவர்கள். புல்மன் பெட்டிகளில் படுக்கை விரித்து, ராத்திரி முழுக்கக் கண்விழித்து, செருப்புத் துடைத்தவர்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் கறுப்பர்கள். ஒற்றுமையே பலம் என்று முழங்கியவர்கள் அந்தப் பலத்தைத் தோல் பார்த்து அளந்தார்கள்.

வாஷிங்டன் சும்மா இருக்குமா? ஜூன் 28-ல் ஜனாதிபதி கிளீவ்லாண்ட் தொழிலாளர் தினத்தை விடுமுறையாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பேனா மை காய்ந்து ஒரு வாரம் ஆகவில்லை, தொழிலாளர்களை அடக்க ராணுவத்தை அனுப்பினார். அட்டர்னி ஜெனரல் ஓல்னி நேற்றுவரை ரயில் கம்பெனிகளின் வக்கீல். தபால் வண்டி தடைப்படுகிறது என்று கோர்ட்டில் தடையாணை வாங்கிக் கொடுத்தார். படை சிகாகோவுக்குள் இறங்கியது ஜூலை 4, சுதந்திர தினத்தன்று. நாள் பார்ப்பதில் அவர்கள் நம்மூர் ஜோசியர்களைத் தோற்கடித்துவிட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று இல்லினாய் கவர்னர் ஆல்ட்கெல்டு கதறியது எடுபடவில்லை. துப்பாக்கிகள் பேசின, ஆட்கள் செத்தார்கள், டெப்ஸ் ஜெயிலுக்குப் போனார். ஆகஸ்டில் ஆல்ட்கெல்டு நேரில் ஊருக்குப் போனார். பட்டினி கிடக்கும் குடும்பங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு, வாடகை பாக்கியையாவது தள்ளுபடி செய்யுங்கள் என்று புல்மனுக்கு எழுதினார். வீட்டுக்கார புல்மன் மறுத்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, 1896-ல், பிராக் நகரத்துச் சுகாதாரக் கண்காட்சி இந்த ஊருக்கு உலகின் மிகச் சிறந்த நகரம் என்று பரிசு கொடுத்தது. பரிசுக் குழுவுக்கு சாக்கடைக் குழாயின் விட்டம் தெரிந்திருந்தது. வேறென்ன வேண்டும்?

1897 அக்டோபரில் வள்ளல் காலமானார். இருட்டில் புதைத்தார்கள். ஈயம் பூசிய சவப்பெட்டி, அதைச் சுற்றி தார், கான்கிரீட், மேலே தண்டவாளங்களை ஒன்றோடொன்று முடுக்கி, மறுபடி கான்கிரீட். தான் வாழ வைத்த தொழிலாளிகள் நன்றி மிகுதியால் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்ற பயம். நிரந்தரமாகக் குடியேறிய அந்த ஒரு இடத்துக்கு மட்டும் அவர் வாடகை கட்டவில்லை. மறு வருஷம் இல்லினாய் உச்ச நீதிமன்றம், ரயில் பெட்டி செய்ய உரிமம் வாங்கிய கம்பெனிக்கு ஊர் நடத்த அதிகாரம் இல்லை, வீடுகளை விற்றுவிடு என்றது. தொழிலாளியின் வயிறு எரிந்தபோது எந்தக் கோர்ட்டுக்கும் தெரியாத அதிகார எல்லை, அவர் போன பிறகு பளிச்சென்று தெரிந்தது.

அவர் நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் ராபர்ட் லிங்கன். அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் சொந்த மகன். பெட்டியில் வேலை பார்த்த கறுப்பர்களிடம் பயணிகள் பெயர் கேட்கும் வழக்கமில்லை. முதலாளியின் பெயரால் எல்லோரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள், அடிமையை எஜமான் பெயரால் கூப்பிட்டது போலவே. 1915-ல் அரசாங்கக் கமிஷன் இந்தப் போர்ட்டர்களின் நிலையை விசாரித்தபோது மாதச் சம்பளம் 27 டாலர் 50 சென்ட். மீதிக்குப் பயணி விட்டெறியும் சில்லறை. ராத்திரி பயணிகள் கழற்றி வைக்கும் அத்தனை ஷூவையும் ஜார்ஜ்தான் துடைக்க வேண்டும். பாலிஷ் டப்பாவையும் ஜார்ஜேதான் தன் காசில் வாங்க வேண்டும்.