நாலாவது படி

கேள்வி: வன்னிப் பிள்ளைகளின் எழுத்தும் கணக்கும் உயர ஆசிரியருக்கு என்ன உதவி வேண்டும்? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: இன்னொரு செயலமர்வு வேண்டாம். முல்லைத்தீவின் உட்கிராமத்து ஆசிரியர் பஸ் பிடித்து அதற்குப் போனால், அன்று அவர் வகுப்புக்கு ஆளில்லை. ஆசிரிய ஆலோசகரே வந்து வகுப்பின் பின்வாங்கில் உட்கார்ந்து, பிள்ளைகள் யோசிக்கும் வழியைப் பார்த்து ஆசிரியருக்குச் சொல்லட்டும். கணித அறிஞர் ஜோர்ஜ் போல்யா 1945-இல் கணக்குத் தீர்க்க நாலு படி சொன்னார்: விளங்கிக்கொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். கட்டுரைக்கும் இதே வழிதான். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நாலாவது படிக்கு வருமுன் நாம் மணி அடித்துவிடுகிறோம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று கணக்குப் பார்த்த பிள்ளை, விடை வந்த வழியை ஐந்து வசனத்தில் எழுதட்டும். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறதே, நேரமேது என்பார்கள். விளங்காமல் பத்துக் கணக்குச் செய்யவும் அதே நேரந்தான் போகிறது.